பச்சைத் தொப்பி போட்ட ஓட்டு

ஹல்டா ஆக்பர்ன் ஏன் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பதற்கு ஆல்டர்டேல் ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். செத்த புருஷனை அவளால் மறக்க முடியவில்லை என்றார்கள் சிலர். அவள் வாய்க்கு எவன் ஈடு கொடுப்பான் என்றார்கள் மற்றவர்கள். உண்மைக் காரணத்தை அவள் ஒளித்து வைக்கவே இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள், ஒருவரும் நம்பவில்லை. கல்யாணம் செய்துகொண்டால் ஓட்டுப் போட முடியாது. அவ்வளவுதான்.

இங்கிலாந்து ராஜாவை உதறிய அதே 1776ஆம் ஆண்டில் நியூ ஜெர்சிக்காரர்கள் தங்களுக்கென்று ஓர் அரசியல் சாசனம் எழுதிக்கொண்டார்கள். ஐம்பது பவுண்டு பெறுமானச் சொத்துள்ள, வயது வந்த குடியிருப்போர் எல்லோரும் வாக்களிக்கலாம் என்று அதில் இருந்தது. ஆண் என்று போடவில்லை. வெள்ளையர் என்றும் போடவில்லை. ஆனால் கல்யாணமான பெண்ணுக்குச் சொத்தே கிடையாது. அவள் கொண்டுவந்த கறவை மாட்டிலிருந்து தலை சீவும் சீப்பு வரை எல்லாம் புருஷனுடையது. ஆகவே சொத்து வைத்திருந்த கன்னிப் பெண்களும் கைம்பெண்களும் மட்டுமே ஓட்டுப் பெட்டியின் அருகே போக முடிந்தது.

அந்த வருஷம் ஹல்டாவுக்கு இருபது வயது. கல்யாணமாகி நான்கு மாதம். தேவாலய வாசலில், அவர்கள் வீட்டில் ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்துச் சைடர் செய்யும் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று ஒருவர் சுதந்திரப் பிரகடனத்தை வாசித்தார். ஆளப்படுகிறவர்களின் சம்மதத்திலிருந்துதான் அரசாங்கத்துக்கு அதிகாரம் வருகிறது என்ற இடத்தில் கூட்டம் ஆரவாரம் செய்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஹல்டா புருஷனிடம் கேட்டாள்.

"ஆளப்படுறவங்கன்னா நானும்தானே நேத்தன்?"

"இந்த வீட்டுல நீ ஆளுறவ. ஆளப்படுறவன் நான். சம்மதம் கொடுத்துட்டேன், போ" என்று சிரித்தான் நேத்தன்.

மறு வருஷம் அவன் ஊர்ப் படையோடு போனான். போகுமுன் உயில் எழுதினான். பழத்தோட்டம், ஆப்பிள் அரைக்கும் செக்கு, வீடு எல்லாம் மனைவிக்கு. நியூயார்க் துறைமுகத்தில் போர்க் கைதிகளை அடைத்து வைத்த கப்பலில் காய்ச்சலில் செத்தான். ஹல்டாவின் கையில் மிஞ்சியது அந்த உயில். கணவனின் தம்பிகள் மூன்று பேர் தோட்டத்துக்குச் சண்டைக்கு வந்தார்கள். அவள் நீதிபதி முன் அந்தத் தாளை விரித்து வைத்தாள். மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். எழுதப்பட்ட வார்த்தைக்கு இவ்வளவு பலமா என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு நம்பிக்கை விழுந்தது. பிற்காலத்தில் அவளைக் கவிழ்த்ததும் அந்த நம்பிக்கைதான்.

1797இல் புதிய தேர்தல் சட்டம் வந்தது. வாக்காளர் ஆணானாலும் பெண்ணானாலும், எல்லோரும் பார்க்க, வெளிப்படையாகத் தன் சீட்டைக் கொடுக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அதுவரை சாசனத்தைச் சொல்லியும் பெண்களை உள்ளே விடாத ஊர்ச் சத்திரத்துக்கு, அந்த அக்டோபரில் ஹல்டா முதன்முறையாக ஓட்டுப் போடப் போனாள். அந்த ஊரில் ஒரு வழக்கம். சீட்டு பெட்டிக்குள் விழுந்ததும் எழுத்தர் அந்த ஆளின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏட்டில் எழுதுவார். "ஹல்டா ஆக்பர்ன்!" என்று அவர் கத்தியபோது வாசலில் நின்ற குதிரை ஒன்று திரும்பிப் பார்த்தது. இருபது வருஷமாக "நேத்தன் விதவை" என்று அழைக்கப்பட்டவள் அவள். தன் பெயரை இவ்வளவு பெரிய குரலில் அதற்குமுன் அவள் கேட்டதில்லை.

பீப்பாய் செய்கிற யோஸ்ட் டெர்ஹூன் அவளைக் கல்யாணத்துக்குக் கேட்க ஆரம்பித்தது அதற்கு ஏழு வருஷம் முன்பு. டச்சு வம்சம், அகன்ற தோள், மெதுவான பேச்சு. அவள் செக்கில் ஆட்டிய சைடர் முழுக்க அவன் பீப்பாய்களில்தான் புளித்தது. ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்து கடைசிப் பீப்பாய்க்கு அடைப்பு அடிக்கும்போது கேட்பான்.

"இந்த வருஷம் என்ன சொல்ற?"

"போன வருஷம் சொன்னதேதான்."

"எனக்கு உன் தோட்டம் வேணாம், ஹல்டா. பத்திரம் வேணா எழுதித் தர்றேன்."

"என்னத்தை எழுதுவ? பொண்டாட்டிக்குப் புருஷன் எழுதுற பத்திரமும் புருஷனோட சொத்துதான். சட்டம் அப்படி."

"அப்ப சட்டம் மாறட்டும். காத்திருக்கேன்."

"காத்திரு. அதுவரைக்கும் அந்த மூணாவது பீப்பாய் ஒழுகுது பாரு."

அவளுக்கு அவனைப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் அவன் பட்டறைக்குப் போய், ஓக் மரச் சிராய்களுக்கு நடுவே உட்கார்ந்து, செய்தித்தாள் வாசித்துக் காட்டுவாள். அவன் கேட்டுக்கொண்டே பலகை சீவுவான். ஒரு ஆளோடு வாழ்வதில் பாதி அதுதான் என்று அவளுக்குத் தோன்றும். மீதிப் பாதியை ஓட்டுக்காக விட்டுக் கொடுத்திருந்தாள். அதன் விலை அவளுக்குத் தெரியும். அதனாலேயே ஓட்டை மிக உயர்வாக மதித்தாள்.

1802இல் குடியரசுக் கட்சி சார்பில் வக்கீல் ஜெடிடயா ஸ்டோக்லி சட்டமன்றத்துக்கு நின்றார். மனித உரிமை, சமமான பிரதிநிதித்துவம், பரம்பரை ஆதிக்க ஒழிப்பு என்று மேடையில் முழங்குவார். ஹல்டா தன் சைடர் வண்டியில் வைக்கோல் பரப்பி, சுற்றுவட்டாரத்தில் சொத்துள்ள பெண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு மூன்று நடை அடித்தாள். ஸ்டோக்லி ஜெயித்தது பதினோரு ஓட்டில். அவள் வண்டியில் வந்தவர்கள் பத்தொன்பது பேர்.

"அம்மணி, இந்த வெற்றி உங்க வண்டிச் சக்கரத்துல வந்தது" என்று அவர் சத்திர வாசலில் எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தப் பத்தொன்பது பேரில் ஒருத்தி ஃபீபி. கறுப்பினத்தவள். முப்பது வருஷம் அடிமையாக இருந்து, துணி வெளுத்துச் சேர்த்த காசில் தன்னையே விலைக்கு வாங்கிக்கொண்டவள். பிறகு ஆற்றோரம் ஒரு வீடும் துண்டு நிலமும் வாங்கினாள். ஓட்டுப் போட வரும்போதெல்லாம் விடுதலைச் சீட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டுதான் வருவாள்.

"நாலு தடவை பார்த்த பத்திரம், ஃபீபி. இன்னிக்கும் கேட்கவா போறாங்க?" என்பாள் ஹல்டா.

"உன்னைக் கேட்க மாட்டாங்க ஹல்டாம்மா. என்னைக் கேட்பாங்க. பந்தயம் கட்டுறியா?"

ஒருமுறைகூட ஹல்டா பந்தயத்தில் ஜெயித்ததில்லை.

1807 பிப்ரவரியில் அந்த வட்டாரத்துக்குப் பித்துப் பிடித்தது. புதிய நீதிமன்றக் கட்டடம் ஆல்டர்டேலில் கட்டுவதா, பதினைந்து மைல் தள்ளியிருக்கும் ஹேன்ஸ்டவுனில் கட்டுவதா என்று மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். நீதிமன்றம் வந்தால் வக்கீல்கள் வருவார்கள், சத்திரங்கள் நிரம்பும், நிலம் விலை ஏறும். இரண்டு ஊரிலும் ஆண்கள் கைகலப்பு வரை போனார்கள். ஹேன்ஸ்டவுன்காரன் வண்டி ஆல்டர்டேல் தெருவில் வந்தால் அச்சாணியைப் பிடுங்கினார்கள்.

ஹல்டா ஒரு நிலப்படத்தை எடுத்து வைத்து நூல் பிடித்து அளந்து பார்த்தாள். ஹேன்ஸ்டவுன்தான் நடுவில் இருந்தது. எல்லாக் கிராமத்தாரும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். அவள் அதை மறைக்கவில்லை. யோஸ்ட் பட்டறையிலேயே சொன்னாள்.

"நான் ஹேன்ஸ்டவுனுக்குத்தான் போடப் போறேன்."

யோஸ்ட் உளியைக் கீழே வைத்தான். "ஊரை விட்டுக் கொடுக்கிறியா?"

"ஊரு எங்கயும் ஓடாது. நீதி கேட்டு வர்றவன் பக்கத்துல வரட்டும்னு சொல்றேன். நூல் பிடிச்சுப் பாரு."

"நூலாம் நூலு. ஊருல யாராவது கேட்டா உன் வீட்டுக் கண்ணாடி மிஞ்சுமா? வாயை மூடிக்கிட்டு இரு" என்றான் அவன். அன்று வெளியே சாரலும் பனியுமாக இருந்தது. பேச்சு வளர்ந்த கோபத்தில் அவள் நனைந்த தொப்பியை அடுப்பருகே காய வைத்ததையே மறந்து, தலைக்குச் சால்வையைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். நாடா ஓரிடத்தில் அறுந்து கறுப்பு நூலால் தைத்திருந்த பச்சைத் தொப்பி.

வாக்குப்பதிவு மூன்று நாள். முதல் இரண்டு நாளும் சத்திரத்தில் ஒரே ரகளை, சாராயம், வெளியூர் வண்டிகள். ஹல்டாவும் ஃபீபியும் மூன்றாம் நாள் காலையில் போனார்கள். தேர்தல் ஆய்வாளர் முதலில் ஃபீபியை நிறுத்தினார்.

"சொத்து?"

ஃபீபி துணியை அவிழ்த்தாள். அவர் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்தார். அவரும் சுரண்டினார்.

"மெழுகு தீர்ந்துடப் போகுது ஐயா. அடுத்த தேர்தலுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க" என்றாள் ஃபீபி.

கடைசியில் விட்டார்கள். சீட்டு விழுந்தது. எழுத்தர் அவள் பெயரைக் கத்தினார். அடுத்து ஹல்டா சீட்டை நீட்டினாள். எழுத்தர் ஏட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஏட்டைப் பார்த்தார்.

"அம்மணி, நீங்க முந்தாநாளே போட்டாச்சே."

"என்னது?"

"ஹல்டா ஆக்பர்ன். முதல் நாள், சாயங்காலம். நான்தான் பேரைக் கூப்பிட்டேன்."

"நான் இன்னிக்குத்தான் வீட்டை விட்டு வர்றேன். என் மூஞ்சியைப் பார்த்தீங்களா?"

"சளின்னு சொல்லி மூஞ்சியில துணி கட்டியிருந்தீங்க. ஆனா தொப்பி உங்க தொப்பிதானே? பச்சை. நாடாவுல கறுப்பு நூல் தையல். அதை எனக்குத் தெரியாதா?" அவர் குரலில் இரக்கம்கூட இருந்தது. "வயசாச்சுன்னா மறதி வர்றதுதான்."

பின்னால் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அந்த மூன்று நாளில் ஆண்கள் அக்கா தங்கைகளின் பாவாடையைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டாம் ஓட்டு, மூன்றாம் ஓட்டுப் போட்டது அங்கே எல்லோருக்கும் தெரியும். செத்துப்போன விதவைகள்கூட ஓட்டுப் போட்டிருந்தார்கள். முகத்தில் துணி கட்டி வந்த பாவாடையிடம் ஒருவரும் சொத்துப் பத்திரம் கேட்கவில்லை. பத்திரத்தோடு வந்த ஃபீபியைத்தான் சுரண்டினார்கள்.

ஹல்டா நேரே பட்டறைக்கு நடந்தாள். தொப்பி அடுப்பருகே ஆணியில், அவள் மாட்டிய இடத்திலேயே தொங்கியது. ஆனால் நாடா வேறு விதமாக முடிச்சிடப்பட்டிருந்தது. பீப்பாய்க்காரர்கள் வளையம் கட்டுகிற முடிச்சு.

யோஸ்ட் முதலில் சிரிக்கப் பார்த்தான். "சத்திரத்துல எல்லாரும் சேர்ந்து, நீயும் வாடான்னு... ரெண்டு குவளை உள்ள போயிருச்சு. என் தங்கச்சி பாவாடை இடுப்புக்கே பத்தலை தெரியுமா?"

"எந்த ஊருக்குப் போட்ட?"

"ஹல்டா..."

"என் பேருல எந்த ஊருக்குப் போட்ட?"

"ஆல்டர்டேலுக்குத்தான். வேற எதுக்குப் போடுவேன்? நீ ஹேன்ஸ்டவுனுக்குப் போடுறது வெளிய தெரிஞ்சா உன் செக்குப் பக்கம் ஒருத்தன் வருவானா? உன்னைக் காப்பாத்தத்தான் செஞ்சேன்."

"பதினேழு வருஷம் நீ கேட்டே, நான் இல்லைன்னேன். எதுக்கு இல்லைன்னேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அதையே எடுத்துக்கிட்ட."

அவன் பெரிய கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு, "வெளிய சொல்லிடாத ஹல்டா. பிடிச்சா அபராதம் மட்டும் இல்ல. பாவாடை கட்டினவன்னு சாகுற வரைக்கும் ஊரு சிரிக்கும்" என்றான். அவள் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

தேர்தல் நாறிப் போயிற்று. இருக்கிற வாக்காளர்களைவிட அதிகமாக ஓட்டு விழுந்திருந்தது. சட்டமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளியது. கோடையில் ஸ்டோக்லி குதிரையேறி ஹல்டாவின் வீட்டுக்கு வந்தார். புதிய சட்டம் ஒன்று வரப்போகிறது, தேர்தல் மோசடியை வேரோடு பிடுங்கும் சட்டம், அதற்குச் சாட்சியங்கள் வேண்டும் என்றார்.

"ஊரே மதிக்கிற ஒரு அம்மணி எழுதிக் கொடுத்தா அதுக்கு எடை தனி. நீங்க பார்த்ததை அப்படியே எழுதுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

அன்று சாயங்காலம் துணி கொண்டுவந்த ஃபீபியிடம் ஹல்டா விஷயத்தைச் சொன்னாள். தொப்பி யார் தலையில் இருந்தது என்பதையும் சொன்னாள். சொன்னது அவளிடம் மட்டும்தான்.

"எழுது" என்றாள் ஃபீபி. "ஆனா பேரை எழுது."

"யோஸ்ட் பேரையா?"

"அவன் பேரு, உனக்குத் தெரிஞ்ச மத்தவங்க பேரு, எல்லாம். பேரு இல்லாம ஒரு குத்தத்தை எழுதினா அது காத்துல நிக்காது ஹல்டாம்மா. யாரு தலையிலயாவது வந்து உட்காரும். யாரு தலையில உட்காரும்னு நினைக்கிற? எனக்கு ஐம்பத்தஞ்சு வயசு. நான் பார்த்திருக்கேன்."

ஹல்டா எழுத உட்கார்ந்தாள். பெண் உடையில் வந்தவர்கள் உரிமையில்லாமல் வாக்களித்தார்கள் என்று எழுதினாள். ஒரே பாவாடை மூன்று முறை வந்ததாகக் கேள்வி என்று எழுதினாள். தன் பெயரிலேயே ஓட்டு விழுந்திருந்ததை எழுதினாள். அடுத்து யோஸ்டின் பெயர் வர வேண்டும். பேனா மையில் தோய்ந்து நின்றது. பலகை சீவும் சத்தம், ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள், "காத்திருக்கேன்" என்று அவன் சொல்கிற விதம். பெயர் இல்லாவிட்டால் என்ன, நடந்தது நடந்ததுதானே என்று தனக்குத்தானே வாதாடினாள். நூல் பிடித்து ஊரை அளந்தவள் அன்றைக்கு அளக்கவில்லை.

மறுநாள் ஸ்டோக்லி வாசித்துவிட்டுக் கேட்டார். "ஆளு யாருன்னு தெரியாதா அம்மணி?"

"மூஞ்சியில துணி கட்டியிருந்தாங்களாம்."

"ரொம்ப நல்லது" என்றார் ஸ்டோக்லி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டே. எது நல்லது என்று அவள் கேட்கவில்லை.

நவம்பர் கடைசியில் செய்தித்தாள் வந்தது. செக்கில் குதிரையை அவிழ்த்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் நின்று வாசித்தாள். மோசடிகளைத் தடுக்கவும், மாநிலத்தின் அமைதிக்காகவும், அரசியல் சாசனத்தின் உண்மையான கருத்தைத் தெளிவாக்கவும், இனிமேல் சுதந்திரமான, வெள்ளையரான, ஆண் குடிமக்கள் மட்டுமே வாக்களிக்கலாம். கீழே விவாதத்தின் சுருக்கம். மதிப்புக்குரிய விதவை ஒருவரே பாவாடைகளின் அட்டூழியம் தாங்காமல் எழுதிக் கொடுத்த சாட்சியத்தை உறுப்பினர் ஸ்டோக்லி அவையில் வாசித்தார் என்று இருந்தது.

அவர் வீட்டுக் கதவை அவளே திறந்துகொண்டு போனாள். ஸ்டோக்லி காலை உணவில் இருந்தார்.

"வாங்க அம்மணி, உட்காருங்க. சூடா ஏதாவது..."

"பாவாடை கட்டினது யாரு?"

"என்ன?"

"பிப்ரவரியில பாவாடை கட்டிக்கிட்டு வந்து கள்ள ஓட்டுப் போட்டது யாரு வக்கீலய்யா? உங்களுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்."

ஸ்டோக்லி துண்டால் வாயைத் துடைத்தார். "ஆம்பளைங்கதான்."

"திருடினது ஆம்பளை. பறிகொடுத்தது நான். அப்ப யாரு கையைக் கட்டணும்?"

"இதை உணர்ச்சியோட பார்க்கக் கூடாது. கட்சிக்குள்ள ரெண்டு அணி. ஒத்துமைக்கு வரணும்னா ஏதாவது விட்டுக் கொடுக்கணும்."

"எதை விட்டுக் கொடுத்தீங்க? உங்களோடதையா?"

"அம்மணி, உண்மையைச் சொல்லுங்க. இந்தச் சந்தடியில வந்து நிக்கிறது எத்தனை பொம்பளைங்களுக்கு இஷ்டம்? உங்க கௌரவத்தைக் காப்பாத்தத்தான்..."

"காப்பாத்தினேன்னு சொல்ற ரெண்டாவது ஆள் நீங்க. என் வண்டிச் சக்கரத்துல வந்தவரு நீங்க."

அப்போதுதான் அவர் முகம் சற்று இறுகியது. "நான் ஒரு வார்த்தை சேர்க்கலை, எடுக்கலை. நீங்க எழுதினதைத்தான் வாசிச்சேன். ஆம்பளைன்னு அதுல எங்கயாவது எழுதியிருக்கீங்களா? நான் கேட்டேனே, ஆளு யாருன்னு. தெரியாதுன்னீங்க."

அவள் கதவை நோக்கித் திரும்பினாள். ஒரு உரிமையைப் பறிக்கிறவன் எப்போதும் கத்தியோடு வருவதில்லை. பறிகொடுப்பவளின் கையெழுத்தோடும் வருவான். வாசலில் இறங்கும்போது அவர் பின்னாலிருந்து, "அடுத்த வருஷமும் சைடர் உங்ககிட்டதான் வாங்குவோம்!" என்று சொன்னார், ஆறுதலாக.

ஃபீபியிடம் போவதுதான் கடினமாக இருந்தது. அவள் ஆற்றோரம் தொட்டியில் துணி கசக்கிக்கொண்டிருந்தாள். செய்தி ஏற்கெனவே வந்திருந்தது.

"பேரை எழுதலைல்ல?" என்றாள், நிமிராமல்.

"எழுதலை."

"நீ உன் ஆளைக் காப்பாத்தின. சரி. அதுக்கு விலை கொடுக்கும்போது உன் பையிலேர்ந்து மட்டும் கொடுத்திருக்கலாம்." ஃபீபி ஒரு போர்வையைத் தூக்கிப் பிழிந்தாள். "உன்கிட்டேர்ந்து ஒண்ணைத்தான் எடுத்தாங்க. பொம்பளைன்னு. என்கிட்டேர்ந்து ரெண்டு தடவை எடுத்திருக்காங்க, ஒரே வரியில. அந்தப் பத்திரத்தை இனிமே யாருகிட்டக் காட்டுவேன்? மீனுகிட்டயா?"

"ஃபீபி, நான்..."

"இந்த முனையைப் பிடி. பிழியணும்."

ஹல்டா பிடித்தாள். இருவரும் போர்வையைப் பிழிந்தார்கள். பிறகு ஃபீபி அதை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு, 1808 அக்டோபர். தேர்தல் நாளன்று காலையில் யோஸ்ட் செக்குக்கு வந்தான். நல்ல கோட்டுப் போட்டிருந்தான். ஒன்றரை வருஷமாக அவர்கள் பீப்பாயைத் தவிர எதுவும் பேசியதில்லை.

"இன்னும் ஓட்டுப் போடலை" என்றான். "நீ யாருக்குச் சொல்றியோ அவனுக்குப் போடுறேன். என்னோடதை உன்னோடதா வெச்சுக்க."

"எனக்குப் பிச்சை வேணாம்."

அவன் தொப்பியைக் கையில் சுழற்றினான். "இப்ப ஒரு தடையும் இல்லையே ஹல்டா. கல்யாணம் பண்ணாலும் பண்ணாட்டியும் உனக்கு ஓட்டு கிடையாது. அப்புறம் என்ன?"

அவன் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பதினெட்டு வருஷம் காத்திருந்தவன் கடைசியில் வழி திறந்துவிட்டது என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டான். திறந்தது யார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

"நான் இப்ப சரின்னா, நம்ம கல்யாணத்தை நடத்தி வெச்சது சட்டமன்றம்னு ஆயிடும். பாதிரியாரா ஸ்டோக்லி. எனக்கு வேணாம் யோஸ்ட். போ, ஓட்டுப் போடு. நானும் வர்றேன் அந்தப் பக்கம்."

அவள் வீட்டுக்குள் போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். போகிற வழியில் அவன் பட்டறையில் நின்று, இரவலாகச் சுத்தியலும் நான்கு ஆணியும் அவனிடமே கேட்டு வாங்கினாள். அவன் கொடுத்தான், எதற்கென்று தெரியாமல்.

சத்திரத்துக் கதவில் அவள் அதை அறைந்தபோது உள்ளே பாட்டு நின்றது. கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள். ஹல்டா ஆக்பர்னாகிய நான் முன்பு கொடுத்த சாட்சியம் பாதி உண்மை. மீதி இதோ. 1807 பிப்ரவரியில் என் பச்சைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, என் பெயரில், என் கருத்துக்கு எதிராக ஓட்டுப் போட்டவர் பீப்பாய் செய்யும் யோஸ்ட் டெர்ஹூன். பாவாடை கட்டிக் கள்ள ஓட்டுப் போட்டவர்களில் பெண் ஒருத்தியும் இல்லை. அதன் கீழே அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த இன்னும் நான்கு ஆண்களின் பெயர்கள்.

கூட்டம் கூடியது. ஒருவன் உரக்கப் படித்தான். ஹல்டா முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இப்போதாவது ஒருவன் வெட்கப்படுவான் என்று எதிர்பார்த்தாள்.

பிறகு சிரிப்பு வெடித்தது.

"யோஸ்ட்டு! பச்சை உனக்கு எடுக்குமாடா?"

"இடுப்புல எத்தனை முழம் நாடா கட்டின?"

"பெண்ணரசிக்கு ஒரு குவளை ஊத்துங்கப்பா, என் கணக்குல!"

யோஸ்ட் தெருவில் நின்றான். முகம் சிவந்து வெளுத்தது. அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு யாரோ அவன் கையில் குவளையைத் திணிக்க, தோளில் தட்டித் தட்டி அவனைக் கதவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். பட்டியலில் பெயர் இருந்த மற்ற நால்வரில் இரண்டு பேர் உள்ளேதான் இருந்தார்கள். ஒருவன் தேர்தல் ஆய்வாளருக்குப் பக்கத்து நாற்காலியில்.

உள்ளேயிருந்து எழுத்தரின் குரல் தெருவரைக்கும் வந்தது.

"யோஸ்ட் டெர்ஹூன்!"

சீட்டு விழுந்துவிட்டது. சட்டப்படி அதில் ஒரு குறையும் இல்லை. சுதந்திரமானவன், வெள்ளையன், ஆண்.

ஹல்டாவின் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். ஃபீபி. துணிக் கூடையை இடுப்பில் வைத்திருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"அவன் பேரு எங்க இருக்கு?"

ஹல்டா விரலால் தொட்டுக் காட்டினாள்.

ஃபீபி அந்த எழுத்துகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வெளுத்த சட்டைகள் கூடையில் ஈரமாக இருந்தன. அவள் கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க" என்றாள். "ஒரு வருஷத்துக்கு முன்னாடி எழுதியிருக்கணும்."

சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் நடந்தாள். ஹல்டா சுத்தியலைச் சத்திரத்துப் படியில், யோஸ்ட் வெளியே வரும்போது கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, எதிர்ப் பக்கம் தன் செக்கை நோக்கி நடந்தாள். அரைக்க வேண்டிய ஆப்பிள் நிறையக் கிடந்தது. பீப்பாய்க்கு இனி ஹேன்ஸ்டவுனுக்குத்தான் போக வேண்டும், பதினைந்து மைல்.